கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஜியோகேச்சிங் புதிர்: பெங்களூருவில் முதல்முறை முயல்கிறவர்களுக்கு

மூன்று மாதங்களில் ஐந்து சனிக்கிழமைகளைச் செலவழித்து நான் கண்டெடுத்தது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள் சுருட்டி வைத்த ஒரு தாள். அந்த ஐந்து நாட்களில் ஒன்று வாயிற்காவலரிடம் பேசுவதிலேயே போயிற்று. இன்னொரு நாள் கனகபுரா பக்கம் ஒரு வயற்காட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். சரியான அனுமதிக் கடிதமும் சரியான கணக்கும் கையில் இருந்திருந்தால் இரண்டு சனிக்கிழமைகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. வேலைக்காகப் பெங்களூருவுக்கு வந்து, வார இறுதியில் ஊரின் பழைய முகத்தைப் பார்க்க விரும்பும் தமிழர்கள் அதே அலைச்சலைப் படவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். விடை கசிந்துவிடக்கூடாது என்பதால் நான் தீர்த்த புதிரின் பெயரையும் எண்ணையும் எங்கும் சொல்லவில்லை; வழிமுறை எந்தக் கல்லறைத் தோட்டத்துக்கும் பொருந்தும்.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கோ மறைத்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் கைப்பேசியின் ஜிபிஎஸ் துணையோடு அதைத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பெட்டிக்குக் கேச் என்று பெயர். வரைபடத்தில் கேள்விக்குறியோடு தெரிகிறவை புதிர்க் கேச்சுகள். அவற்றில் வெளியிடப்பட்ட புள்ளியில் பெரும்பாலும் பெட்டி இருக்காது. கல்லறைத் தோட்டப் புதிரில் நீங்கள் கல்வெட்டுகளைப் படித்து, ஆண்டு, வயது, படைப்பிரிவு எண் போன்றவற்றிலிருந்து இலக்கங்களைப் பொறுக்கிச் சேர்த்தால்தான் பெட்டியின் இடம் கிடைக்கும். பெட்டி பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியேதான் இருக்கும். உள்ளே இறந்தவர்களுக்கு மரியாதை, வெளியே விளையாட்டு என்ற ஏற்பாடு அது.

1. கேச் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

இந்தியாவில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் குறைவு. ஊரை விட்டுப் போனவர்கள் மறைத்துவைத்துப் பராமரிப்பின்றிக் கிடக்கும் பெட்டிகளும் உண்டு. கேச்சின் பக்கத்தைத் திறந்ததும் புதிரைப் படிக்காமல் நேரே கீழே இறங்கி, கடைசியாக வந்தவர்களின் பதிவுகளைப் படியுங்கள். அண்மையில் யாரேனும் கண்டெடுத்திருந்தால் துணிந்து இறங்கலாம். தொடர்ந்து இரண்டு மூன்று பேர் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தாலோ, ‘தற்காலிகமாக நிறுத்தம்’ என்ற குறிப்பு இருந்தாலோ, உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். நான் முதலில் எடுத்துக்கொண்ட புதிரைத் தீர்த்து முடித்த பிறகுதான் அது காப்பகத்துக்கு அனுப்பப்பட்டு, அதாவது நிரந்தரமாக மூடப்பட்டு, பல மாதங்கள் ஆனதைக் கவனித்தேன். இரண்டு வார மாலைகள் போனதுதான் மிச்சம்.

2. கணக்கும் செயலியும்

ஜியோகேச்சிங் தளத்தில் கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. அதன் அதிகாரபூர்வ செயலியில் இலவசக் கணக்குக்கு எளிய வகைக் கேச்சுகளே முழுமையாகத் திறக்கும். புதிர் வகை பூட்டிக் கிடப்பதைக் கண்டு உடனே பணம் கட்டிவிடாதீர்கள். கணினி உலாவியில் தளத்தைத் திறந்தால் அதே புதிரின் பக்கம் பெரும்பாலும் இலவசக் கணக்குக்கே படிக்கக் கிடைக்கும். ‘பிரீமியம் உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று உரிமையாளரே குறித்திருக்கும் கேச்சுகளுக்குத்தான் ஆண்டுச் சந்தா வேண்டும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு சி:ஜியோ என்ற இலவசச் செயலி போதும்.

புதிரின் பக்கத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரையைப் பார்த்தபடி கல்லறைகளுக்கு நடுவே நடப்பது பார்ப்பவர்களுக்கும் நன்றாக இராது, உங்கள் முழங்காலுக்கும் நல்லதன்று.

3. அனுமதிக் கடிதம்: இதில் அவசரப்படாதீர்கள்

என் முதல் சனிக்கிழமை போனது இந்த இடத்தில்தான். பெங்களூருவின் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் பொதுப் பூங்காக்கள் அல்ல. இன்றும் அடக்கம் நடக்கும் இடங்கள். வாயிலில் இருந்தவர் வேலூர்ப் பக்கத்துத் தமிழர்.

“யாரோட சமாதி சார் பாக்கணும்?”

“யாரோடதும் இல்லண்ணா. இது ஒரு விளையாட்டு…”

“கல்லறையில என்ன சார் விளையாட்டு?”

அவர் கேட்டதில் பிழையே இல்லை. அதற்கு மேல் நான் செயற்கைக்கோள் என்றும் பெட்டி என்றும் விளக்க விளக்க, அவர் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. அலுவலகத்தில் எழுதி வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். பொய் சொல்லி உள்ளே போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள்; ‘தாத்தா கல்லறை’ என்று சொன்னால் எந்த வரிசை, எந்த எண் என்ற கேள்வி உடனே வரும். கடிதத்தில் விளையாட்டைப் பற்றி முழு உண்மையையும் எழுதுங்கள். வாயிலில் அந்தக் கடிதத்தை நீட்டி, பழைய கல்வெட்டுகளைப் படிக்க வந்திருப்பதாகச் சொல்லுங்கள். இரண்டும் உண்மைதான்.

முதல் வேலை, தோட்டம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. ஓசூர் ரோட்டில் சாந்தி நகர், லாங்ஃபோர்டு டவுன் பக்கம் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டுகள், மெத்தடிஸ்டுகள் என்று பிரிவும் நிர்வாகமும் வேறு வேறு. ஒரு வாயிலுக்கு வாங்கிய கடிதம் அடுத்த வாயிலில் செல்லாது. கிழக்கே கல்பள்ளியிலும் இதே கவனம் வேண்டும். வாயிலில் உள்ள பலகையைப் படமெடுத்து வந்து, அதில் உள்ள நிர்வாகத்தின் பெயருக்கே கடிதம் எழுதுங்கள். ராணுவ நிலத்துக்குள்ளோ அதை ஒட்டியோ இருக்கும் தோட்டமானால், படமெடுப்பது பற்றி முன்னதாகவே கேட்டுத் தெளிவு பெறாமல் கைப்பேசியை வெளியே எடுக்கவே வேண்டாம்.

கடிதம் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், வர விரும்பும் இரண்டு மாற்றுத் தேதிகள், நேரம், கூட வருகிறவர்களின் எண்ணிக்கை, பார்க்கப்போகும் பகுதி ஆகியவற்றோடு, கற்களைத் தொடமாட்டோம், எதையும் உள்ளே வைக்கமாட்டோம், கைப்பேசியால் மட்டுமே படமெடுப்போம், அண்மைக்காலக் கல்லறைகளைப் படமெடுக்கமாட்டோம் என்ற உறுதிமொழியும் வேண்டும். புதிரின் பக்கத்தை அச்சிட்டு இணையுங்கள். அடையாளச் சான்றாக ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைத்து கடைசி நான்கு மட்டும் தெரியும் வகையிலான மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுங்கள். முழு எண்ணோடு நகல் கொடுத்துவிட்டு வந்து இரவெல்லாம் கவலைப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். ஒன்று அவர்களுக்கு, மற்றொன்றில் கையொப்பமும் முத்திரையும் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத கையொப்பத்தை வாயிலில் மதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆயரைப் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்; அன்று அவரைச் சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள். நான் போன இரண்டு அலுவலகங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை பதினொரு மணிவாக்கில் போவது நல்லது. எனக்குக் கடிதம் கைக்கு வர ஒன்பது நாட்கள் ஆயின. கட்டணம் என்று எதுவும் கேட்கவில்லை. காணிக்கைப் பெட்டியில் போட்டது என் விருப்பம்.

காவலர் கன்னடம் மட்டுமே பேசுகிறவராக இருந்தால், ‘நமஸ்கார, ஹளே சமாதி நோடக்கே பந்திதீனி, லெட்டர் இதே’ (வணக்கம், பழைய சமாதி பார்க்க வந்திருக்கிறேன், கடிதம் இருக்கிறது) என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும். மீதியைக் கடிதம் பார்த்துக்கொள்ளும்.

4. நாளும் நேரமும்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அந்த வாரம் முழுவதும் குடும்பங்கள் வந்து கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும். அப்போது குறிப்பேட்டோடு சுற்றுவது முறையன்று. புனித வெள்ளி, ஈஸ்டர் விடியற்காலை ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். மற்ற நாட்களிலும், நீங்கள் உள்ளே இருக்கும்போது ஓர் அடக்கம் வந்துவிட்டால், எழுதிக்கொண்டிருக்கும் வரியைப் பாதியில் விட்டுவிட்டு வெளியேறிவிடுங்கள். நான் அப்படி ஒருமுறை வெளியேறி எதிரே தேநீர்க் கடையில் ஒன்றரை மணிநேரம் காத்திருந்தேன். திரும்பி வந்தபோது காவலரே கதவைத் திறந்துவிட்டார்.

மாதங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்தது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழையில் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும், பாம்பு பயமும் உண்டு, கல்லில் பாசி படர்ந்து எழுத்தை மூடியிருக்கும். நேரத்தைப் பொறுத்தவரை, தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சாய்ந்து விழும் வெயில் தேவை. நடுப்பகல் வெயில் கல்லின் மேல் நேராக விழும்போது எழுத்தின் பள்ளங்களில் நிழலே விழாது. காலை பத்து மணிக்குள் படித்து முடித்துவிடுங்கள். கிழக்கு நோக்கிய கல்லுக்குக் காலை, மேற்கு நோக்கிய கல்லுக்கு மாலை என்று பிரித்துக்கொண்டால் இன்னும் வசதி.

5. பையில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது

முத்திரையிட்ட கடிதம், அடையாள அட்டை, அச்சிட்ட புதிர், குறிப்பேடு, பென்சில், சிறிய டார்ச், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, தண்ணீர், கொசுவிரட்டிக் களிம்பு, கணுக்கால் மூடிய காலணி. மரநிழலில் இருக்கும் கல்லுக்கு, கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பக்கவாட்டில் விழச் செய்தால் காணாமற்போன எழுத்துகூட எழுந்து நிற்கும். டார்ச்சையும் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள்.

சாக்பீஸ், மாவு, சவரநுரை, கம்பித் தூரிகை ஆகியவற்றை எடுத்துச் செல்லாதீர்கள். எழுத்து பளிச்சென்று தெரிய இவற்றைப் பூசும் காணொளிகள் ஏராளம். ஆனால் நுண்துளைகளில் புகுந்தது எளிதில் வெளியே வராது, தேய்த்த கல் தேய்ந்ததுதான். காகிதம் வைத்துப் பென்சிலால் உரசிப் படியெடுப்பதும் உதிரத் தொடங்கிய கல்லுக்குக் கேடு.

வெளிநாட்டிலிருந்து நண்பர்கள் வருகிறார்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளும் இதில் சிக்கும். விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கில் மாட்டிக்கொண்ட பயணிகள் உண்டு. இடத்தை மட்டும் காட்டும் சாதாரண ஜிபிஎஸ்ஸும் கைப்பேசியும் இந்த வேலைக்குத் தாராளம்.

6. கல்லைப் படித்தல்

நேரம் ஒதுக்க வேண்டிய படி இதுதான். ஒரு கல்லில் ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால் மற்றவையெல்லாம் சரியாக இருந்தும் பெட்டி கிடைக்காது.

ஆங்கிலக் கற்களில் 1-உம் 7-உம், 3-உம் 8-உம், 5-உம் 6-உம் தேய்ந்தால் ஒன்றுபோலத் தோன்றும். அதே கல்லில் தெளிவாக உள்ள வேறு இலக்கங்களோடு ஒப்பிடுங்கள். ஒரே சிற்பி ஒரே கல்லில் 7-ஐ இரண்டு விதமாக வெட்டமாட்டார். சில பளிங்குக் கற்களில் ஈயத்தால் எழுத்து பதித்திருப்பார்கள். ஈயம் விழுந்துவிட்ட இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தத் துளைகளின் அமைப்பைப் பக்கத்தில் முழுதாக இருக்கும் எழுத்தின் துளைகளோடு ஒப்பிட்டால் விழுந்தது எதுவென்று கண்டுபிடித்துவிடலாம். ரோமானிய எண்களில், ‘எக்ஸ்’ எழுத்துக்கு முன்னால் ‘ஐ’ வந்தால் ஒன்பது, பின்னால் வந்தால் பதினொன்று என்பதை மறக்கவேண்டாம்.

வயதில் ஒரு பொறி இருக்கிறது. ‘தம் வயதின் 35ஆம் ஆண்டில்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தால், நிறைந்த வயது 34. ‘வயது 35’ என்று வெட்டியிருந்தால் 35. புதிர் ‘வயது’ என்று கேட்கிறதா, ‘கல்லில் உள்ள எண்’ என்று கேட்கிறதா என்று பிரித்துப் படியுங்கள்.

இனித் தமிழ்க் கற்கள். 1809இல் பிரிட்டிஷ் படைக் குடியிருப்பான கன்டோன்மென்ட் அமைந்த பிறகு மெட்ராஸ் படையோடும் அதைச் சார்ந்த தொழில்களோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் பல தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்களுடைய கற்கள் தமிழிலேயே பேசும். புதிரை அமைத்தவர் தமிழ் தெரியாதவராக இருந்தால் அவற்றை விட்டுவிட்டிருப்பார்; தெரிந்தவராக இருந்தால் அங்கேதான் உங்களை மடக்குவார். நான் மடங்கிய இடத்தைச் சொல்கிறேன். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்’ என்ற வரிக்குக் கீழே, பாசியை ஒட்டி, ‘௲௮௱௯௰௮’ என்று ஒரு வரி. ‘அ’, ‘கூ’, ‘ய’, மீண்டும் ‘அ’ என்று எழுத்துக்கூட்டி, யாரோ குடும்பத்தாரின் தலைப்பெழுத்துகள் என்று முடிவுகட்டி, குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் என் தாயார்தான் பார்த்துவிட்டு, “இது வருஷம்டா, தாத்தா நோட்டுல இப்படித்தான் கணக்கு எழுதுவாரு” என்றார்.

தமிழ் எண்களைப் பழகிக்கொண்டு போங்கள்: ௧ (1), ௨ (2), ௩ (3), ௪ (4), ௫ (5), ௬ (6), ௭ (7), ௮ (8), ௯ (9), ௰ (10), ௱ (100), ௲ (1000). க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய என்ற எழுத்துகளாக அவை மயங்கும். பழைய முறையில் ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, எட்டு என்று பெருக்கிக் கூட்டிப் படிக்கவேண்டும். அப்படித்தான் ௲௮௱௯௰௮ என்பது 1898 ஆகிறது. அதே ஆண்டை ௧௮௯௮ என்று இன்றைய முறையிலும் எழுதலாம், எழுதியிருப்பதற்கேற்பப் படியுங்கள். அந்தக் கல்லின் வரிசையில் அதே ஆண்டின் பிற்பகுதித் தேதியோடு இன்னும் மூன்று கற்கள் இருந்தன. 1898 ஆகஸ்டில்தான் பெங்களூருவில் பிளேக் பரவத் தொடங்கியது. மூவர் எதனால் இறந்தார்கள் என்று கற்கள் சொல்லவில்லை. தேதிகளை வரிசையாகப் படித்துவிட்டுச் சற்று நேரம் நான் அங்கிருந்து நகரவில்லை.

பழைய தமிழ்க் கல்லில் ணை, லை, னை, றா, னா போன்றவை 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில், கொம்பும் சுழியுமாக இருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி விடுபட்டிருக்கலாம். காலும் ‘ர’வும் ஒன்றுபோல் தோன்றலாம். புதிர் ‘மூன்றாம் வரியில் எத்தனை எழுத்து’ என்று கேட்டால், கண்ணால் எண்ணுங்கள்; கணினியில் தட்டச்சு செய்து எண்ணாதீர்கள். ‘கல்லறை’ என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்து. கணினி புள்ளியையும் ஐகாரக் குறியையும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஆறு என்று காட்டும்.

ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று படங்கள் எடுங்கள்: முழுக் கல், இலக்கம் உள்ள வரி, அக்கம்பக்கத்தோடு சேர்ந்த தோற்றம். மூன்றாவது படம் இல்லாததால், எந்தக் கல் எங்கே இருந்தது என்று தெரியாமல் நான் ஒரு சனிக்கிழமை முழுவதும் மறுபடி அலைந்தேன். கல்லறையின் மேல் ஏறி நின்று படமெடுக்கவேண்டாம், பையை அதன்மேல் வைக்கவும் வேண்டாம்.

7. கணக்கு

பயிற்சிக்கு நானே இட்டுக்கட்டிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லால்பாக்கின் பொறுப்பில் இருந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பிகல், ஓசூர் ரோட்டில் மெத்தடிஸ்டு கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார். பிறப்பு 1865 டிசம்பர் 18. இறப்பு 1956 பிப்ரவரி 8. புதிர் இப்படிக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: வடக்கு 12° 57.(வயது)(இறந்த ஆண்டின் ஓரிலக்கக் கூட்டு).

ஓரிலக்கக் கூட்டு என்றால் ஒரே இலக்கம் மிஞ்சும் வரை கூட்டிக்கொண்டே போவது. 1+9+5+6=21; 2+1=3. வயது? 1956-இலிருந்து 1865-ஐக் கழித்தால் 91 வரும். அவசரக்காரர்கள் அதையே எழுதுவார்கள். ஆனால் அந்த ஆண்டுப் பிறந்தநாளுக்கு முன்பே பிப்ரவரியில் இறந்துவிட்டதால் நிறைந்த வயது 90. ஆகவே விடை 12° 57.903'. ஒரு நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அட்சரேகையில் ஏறத்தாழ 1.85 மீட்டர் என்பதால், 91 என்று எழுதியிருந்தால் 57.913 ஆகி, சரியான இடத்துக்கு 18 மீட்டருக்கு அப்பால் ஏதோ ஒரு சுவரைத் தடவிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது கனகபுரா கதை. ஜியோகேச்சிங்கில் பாகையும் தசம நிமிடமுமாக எழுதுவது வழக்கம். கூகுள் வரைபடம் இயல்பாகக் காட்டுவது தசமப் பாகை. 12° 57.903' என்பதைத் தசமப் பாகையாக்க, 57.903-ஐ 60-ஆல் வகுத்து 0.96505 என்று பெற்று, 12.96505 என்று இடவேண்டும். கிழக்கு எண் 77° 36.240' என்று வைத்துக்கொண்டால் அது 77.60400 ஆகும். இதைச் செய்யாமல் 12.57903, 77.36240 என்று அப்படியே தட்டினால், வரைபடம் மறுப்பே சொல்லாமல் உங்களைத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி, கனகபுராவுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தும். என்னுடைய எண்கள் வேறு, பிழை இதுவேதான். பைக்கில் போய்ச் சேர்ந்தபின்தான், நகரக் கல்லறைப் புதிரின் பெட்டி வயற்காட்டில் எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.

அந்த யோசனையை வீட்டிலேயே செய்ய ஒரு வழி உண்டு. புதிர்க் கேச்சின் பெட்டி, வெளியிட்ட புள்ளியிலிருந்து ஏறத்தாழ 3.2 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது பொதுவான விதி. உங்கள் விடை அதைத் தாண்டினாலோ, ஏரிக்கு நடுவிலோ தனியார் வீட்டுக் கூடத்திலோ விழுந்தாலோ, கணக்கு தவறு. பல பக்கங்களில் விடை சரிபார்ப்பான் ஒன்றும் இருக்கும். அதில் குத்துமதிப்பாக எண்களைப் போட்டுப் பார்க்காதீர்கள். சில சரிபார்ப்பான்கள் அடுத்தடுத்த தவறான முயற்சிகளைக் கொஞ்ச நேரத்துக்கு ஏற்க மறுத்துவிடும்.

8. கல் உடைந்திருந்தால்

புதிர் அமைந்த பிறகு மரம் விழுந்தோ மழையில் சரிந்தோ கல் படிக்க முடியாமற் போயிருக்கலாம். அப்போது ஆவணத்துக்குப் போகவேண்டும். போர்வீரர் கல்லறையானால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளத்தில் பெயர், படைப்பிரிவு, தேதி ஆகியவற்றை இலவசமாகத் தேடலாம். ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு ஃபிபிஸ் என்ற சங்கத்தின் இலவசத் தரவுத்தளம் உதவும். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பெங்களூர் அடக்கப் பதிவுகளை மெட்ராஸ் வரிசையில் தேடவேண்டும். மைசூர் என்று தேடி நான் ஒரு வாரம் ஏமாந்தேன். தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தந்த ஆலயத்தின் அடக்கப் பதிவேடே கதி. அதற்குத் தனி அனுமதி வேண்டும், அலுவலக நேரத்தில்தான் காட்டுவார்கள், படமெடுக்க விடமாட்டார்கள். பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

9. பெட்டியைத் தேடுதல்

கைப்பேசி பத்து மீட்டர் என்று காட்டியதும் அதைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். மரங்களுக்கும் உயரமான கட்டடங்களுக்கும் இடையே அம்புக்குறி ஆடிக்கொண்டேதான் இருக்கும்; அதன் பின்னால் போனால் வட்டமடிப்பீர்கள். நீங்கள் ஒரு பொருளை மறைப்பதாக இருந்தால் எங்கே மறைப்பீர்கள் என்று பாருங்கள். தோண்டாதீர்கள், அனுமதியின்றி மண்ணைத் தோண்டிப் பெட்டியைப் புதைப்பது விதிக்கு விரோதம். பக்கத்தில் உள்ள குறிப்பு, ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதிய சங்கேதமாக இருக்கும். தளமே ஒரு சொடுக்கில் அவிழ்த்துத் தரும்.

சாலையோரத்தில் குனிந்து கம்பிவேலியைத் தடவுகிறவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். டேப் சுற்றிய பெட்டியைக் கண்டு வெடிகுண்டு என்று பதறிக் காவல்துறையை அழைத்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. யாராவது கேட்டால் மழுப்பாமல், அச்சிட்ட பக்கத்தைக் காட்டி உள்ளதைச் சொல்லிவிடுங்கள். என்னிடம் கேட்டவர் பூ விற்கும் அம்மா ஒருவர். காட்டியதும், “அதுவா தம்பி, போன மாசம் ரெண்டு பேரு இதே மாதிரி தடவிட்டுப் போனாங்க” என்று திசையையும் சொல்லிவிட்டார்.

கிடைத்தது, சோடா பாட்டிலாக ஊதப்படுவதற்கு முன் இருக்குமே, அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் குழாய். தாள் ஈரமாக இருந்ததால் பேனா எழுதவில்லை, பென்சில் எழுதிற்று.

10. பதிவும் செலவும்

தாளில் பெயர் எழுதியிருந்தால் மட்டுமே தளத்தில் ‘கண்டேன்’ என்று பதியுங்கள். கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று பதிய வெட்கப்படவேண்டாம். அடுத்தவருக்கு முதல் படியில் உதவுவது அந்தப் பதிவுதான். கற்களின் படங்களையும் பெட்டி இருந்த இடத்தையும் வெளியிடாதீர்கள்.

எனக்கு ஆன செலவு: அச்சும் நகலும் 46 ரூபாய், ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் 610, கனகபுராவுக்குப் பெட்ரோல் 300. கடைசித் தொகை உங்களுக்கு ஆகாது. நாள் கணக்கில், கடிதத்துக்கு இரண்டு வாரம், கல் படிக்க ஒரு காலை, கணக்குக்கு ஒரு மாலை, பெட்டிக்கு ஒரு காலை என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முத்திரையிட்ட பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த விண்ணப்பத்தோடு அதன் நகலை இணைக்கலாம். முடிந்ததும் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் போனபோது அங்கிருந்த அம்மா, பழைய தமிழ்க் கற்களின் ஆண்டைப் படிக்கத் தங்களிடம் ஆள் இல்லை என்றார். பதினொரு கற்களின் வாசகத்தை வரிசை எண்ணோடு தட்டச்சு செய்து அந்த வாரமே கொடுத்தேன். அடுத்த தோட்டத்துக்கான கடிதம் இரண்டு நாளில் வந்தது.